சிமெண்டுச் சிற்பி ராம்கிங்கர்

சிற்பம் செய்வதற்கு உரிய பொருள்கள் எவை என்று நம் முன்னோர் ஒரு கணக்கு வைத்திருந்தனர். திவாகர நிகண்டு அவற்றைப் பத்து என்று எண்ணிச் சொல்கிறது. கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், மெழுகு ஆகியவற்றோடு கண்டசர்க்கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனோ மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்து கோயில் எடுத்துவிட்டு, செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக் கொண்டான். ஒரு பொருளைக் கைவிட்டு வேறொரு பொருளைக் கையில் எடுப்பது கலையில் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு அந்தக் கல்வெட்டு ஒன்றே போதும்.

நிகண்டின் பட்டியலில் சிமெண்டு இல்லை. இருக்கவும் முடியாது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824-ஆம் ஆண்டில்தான். இந்தியச் சிற்பத்தில் அதைப் பதினோராம் பொருளாக ஏற்றி வைத்தவர் யார் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் பெயர் ராம்கிங்கர் பெய்ஜ். வங்காளத்தில் அவரை அறியாதவர் இல்லை. தமிழில் அவரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதோ மிகக் குறைவு. நம் சங்கத்து நண்பர்களில் பெரும்பாலோர் அறிவியலும் பொறியியலும் பயில வந்தவர்கள். சிற்பிக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். இந்தச் சிற்பியின் கதையில் பாதி, சிமெண்டு இறுகும் கதை. ஆகவே வேதியியல் மாணவன் ஒருவன் இதை எழுதுவதில் பெரிய அத்துமீறல் இல்லை என்று எண்ணுகிறேன்.

ராம்கிங்கர் 1906-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் வங்காளத்தின் பாங்குரா நகரில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலை மரபாகக் கொண்ட ஏழைக் குடும்பம். தந்தையார் பெயர் சண்டிசரண் பரமாணிக். பெய்ஜ் என்னும் பெயரை மகன் பிறகே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு அருகில் தெய்வ உருவங்கள் செய்யும் கைவினைஞர்கள் இருந்தனர். அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் கொண்டே இருப்பதும், கூட நின்று கைவேலை பழகுவதும் சிறுவனுக்குப் பள்ளிக்கூடத்தைவிட இனித்தன.

துர்க்கை பூசைக்கு வங்காளத்தார் உருவம் செய்யும் முறையை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். முதலில் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு ஓர் உடற்கூடு கட்டுவார்கள். அதன் மேல் களிமண்ணை அப்பி அப்பிச் சதை சேர்ப்பார்கள். பிறகு வண்ணம். பூசை முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுவார்கள். கல்லைச் செதுக்குகிறவன் வேண்டாததை நீக்கி உருவத்தைக் காண்கிறான். இங்கே நடப்பது நேர் எதிர். ஒன்றுமில்லாத இடத்தில் எலும்பு முளைத்து, அதன் மேல் சதை ஏறுகிறது. இந்தப் பாடம் அந்தச் சிறுவனின் கையில் ஏறிவிட்டது. பின்னாளில் மூங்கில் இருந்த இடத்தில் இரும்புக் கம்பி வந்தது, களிமண் இருந்த இடத்தில் சிமெண்டு வந்தது. ஆற்றில் கரைக்கும் வேலை மட்டும் இல்லாமற் போயிற்று.

ஒத்துழையாமை இயக்கத்தின் நாளில் தேசத் தலைவர்களின் படங்களை வரைந்து கொடுத்தார் இளைஞர். அதே பாங்குராவில் பிறந்து, மாடர்ன் ரிவ்யூ, பிரபாசி என்னும் இதழ்களின் ஆசிரியராகப் புகழ் பெற்றிருந்தவர் ராமானந்த சட்டர்ஜி. அவர் கண்ணில் இந்தப் படங்கள் பட்டன. 1925-இல், தம் 19-ஆம் வயதில், ராம்கிங்கர் சாந்திநிகேதனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே கலாபவனத்தின் தலைமை ஆசானாக இருந்தவர் நந்தலால் போஸ். பெங்களூரில் இருக்கும் நமக்கு இந்த இடத்தில் ஓர் உறவு முறை உண்டு. நந்தலாலும், மைசூரிலிருந்து கல்கத்தா சென்ற வெங்கடப்பாவும் அவனீந்திரநாத் தாகூரிடம் ஒரே காலத்தில் பயின்றவர்கள். கஸ்தூரிபா சாலையில் கலைக்கூடத்துக்குப் பெயர் தந்திருக்கிறாரே, அதே வெங்கடப்பாதான். அவர் ஓவியத்தோடு நில்லாமல், பாரிஸ் சாந்தில் புடைப்புச் சிற்பங்களும் செய்தார். கோடு பிசகாத, மிக நுணுக்கமான கை அவருடையது. அவருடைய பள்ளித் தோழரிடம் பாடம் கேட்க வந்த ராம்கிங்கரின் கையோ அப்படியே வேறு வகை. ஒரே குருகுலத்தின் இரண்டு கிளைகள் எவ்வளவு தூரம் விலகிப் போகக் கூடும் என்பதற்கு இவ்விருவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

புதிய மாணவன் கொண்டுவந்த படங்களைப் பார்த்த நந்தலால், எல்லாம் தெரிந்துகொண்டே வந்திருக்கிறாய், இனி இங்கே கற்க என்ன இருக்கிறது என்ற பொருளில் கேட்டாராம். இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார் என்றும் சொன்னாராம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் 55 ஆண்டுகளாக நீண்டன.

கலாபவனத்தில் அப்பொழுது ஓவியமே முதன்மை. சிற்பத்துக்கு என்று நிலையான ஆசான் கிடையாது. வந்து போன ஐரோப்பியர் இருவரிடம் ராம்கிங்கர் சிற்ப வேலை கற்றார். ஒருவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லிசா வான் பாட். மற்றவர் ஆங்கிலப் பெண்மணி மார்கரெட் மில்வர்ட். மில்வர்ட் அம்மையார் பாரிஸில் பூர்டெல் என்ற சிற்பியிடம் பயின்றவர். பூர்டெல்லோ மாபெரும் சிற்பி ரோடானிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். ஆக, ரோடானின் கைப்பழக்கம் இரண்டு கை மாறி வீர்பூம் மாவட்டத்துச் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் சில காலம் தங்கிவிட்டுப் போய்விட்டதும் நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். தங்கள் பாணியைத் திணிப்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை.

படிப்பு முடிந்து, 1934 முதல் அவர் கலாபவனத்திலேயே ஆசிரியர் ஆனார். ஆனால் ஆசிரியர் ஆன பின்னும் அவர் மாணவராகவே இருந்தார். சோதனை செய்வதை நிறுத்தவில்லை.

சோதனைக்கு முதற்காரணம் வறுமை. திறந்த வெளியில் பெரிய உருவம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. எதில் செய்வது? வெண்கலம் வார்க்க வேண்டுமானால் உலோகமும் வேண்டும், வார்ப்புச் சாலையும் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். நல்ல கல் அந்தப் பக்கத்தில் கிடையாது. வெறும் களிமண் முதல் மழைக்கே போய்விடும். பாரிஸ் சாந்தும் வெளியில் நிற்காது. அது இறுகினால் ஜிப்சம் ஆகிறது. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் கரையும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஒவ்வொரு பருவமழைக்கும் ஒரு மூக்கோ விரலோ தேய்ந்துகொண்டே போனால் சிலை என்ன ஆகும்?

மண்ணையே மழைக்குத் தாங்கும்படி செய்வது எப்படி என்பதைத்தான் சாந்திநிகேதனத்தார் முதலில் பார்த்தனர். 1930-களின் நடுவில் கலாபவன மாணவர் விடுதி ஒன்றை மண்ணால் கட்டி, சுவரெல்லாம் புடைப்பு உருவங்கள் அமைத்து, தார் பூசினர். கறுப்பு வீடு என்றே அதற்குப் பெயர். அதே வேளையில் தாகூருக்காகச் சியாமளி என்ற மண்வீடும் எழுந்தது. இரண்டிலும் ராம்கிங்கரின் கை உண்டு. சியாமளியின் வாயிலில் அவர் அமைத்தவை துவாரபாலகர் உருவங்கள் அல்ல, சந்தால் மக்களின் உருவங்கள். கோயில் வாயிலில் காவல் தெய்வங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சின்ன மாற்றமாகத் தோன்றாது.

ஆனாலும் தார் பூசிய மண் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். தனித்து நிற்கும் உருவத்துக்கு அது போதாது. அப்பொழுது அவர் கண்ணில் பட்டவை இரண்டு பொருள்கள். ஒன்று, வீடு கட்டுவோர் பயன்படுத்தும் சிமெண்டு. மற்றது காலடியில் கிடந்தது.

சாந்திநிகேதனத்தைச் சுற்றிய நிலம் செம்புரைக்கல் நிலம். மழை நீரால் அரிக்கப்பட்டுச் சிறு சிறு பள்ளத்தாக்குகளாகக் கிடக்கும். கோயாய் என்று அங்கே சொல்வார்கள். பருவமழையும் வெயிலும் மாறி மாறிப் பாறையைத் தாக்க, அதிலுள்ள மணற்சத்து பெரும்பாலும் கரைந்து வெளியேற, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக எஞ்சி நிற்பதே செம்புரைக்கல். பிரான்சிஸ் புக்கானன் மலையாளக் கரையின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807-இல் வெளிவந்த தம் நூலில் லாட்டரைட்டு என்று பெயரிட்டார். அதன் சிதைவாகிய செஞ்சரளை சாந்திநிகேதனத்தில் வழியெங்கும் கிடந்தது. விலை கிடையாது. குனிந்து அள்ளினால் போதும். மணலும் சிமெண்டும் இந்தச் சரளையும் கலந்த கலவைதான் ராம்கிங்கருக்குக் கல்லும் வெண்கலமும் ஆயிற்று.

1935-இல் சுஜாதா என்னும் உருவம் எழுந்தது. உயரமாக, மெலிந்து, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தானும் ஒரு மரம்போல் நிற்கும் பெண் உருவம். முதலில் அதற்குப் பெயரும் இல்லை, புராணமும் இல்லை. அருகே ஒரு புத்தர் சிலை இருந்தது. கன்னட நாட்டிலிருந்து அங்கே பயில வந்த ருத்ரப்ப ஹஞ்சி செய்தது என்பர். நந்தலால் அதைக் காட்டி, பெண்ணின் தலையில் ஒரு பாற்சோற்றுக் கலத்தை ஏற்றச் சொன்னார். உடனே அவள் புத்தருக்கு உணவு கொண்டுபோகும் சுஜாதை ஆகிவிட்டாள். இந்த உருவத்துக்கு மாதிரியாக இருந்தவர் ஜயா அப்பாசாமி என்று கூறுவார்கள். சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண். பின்னாளில் ஓவியராகவும் கலை வரலாற்று ஆசிரியராகவும் விளங்கியவர். தாகூர் காலை உலாவில் இந்தச் சிலையைப் பார்த்துவிட்டுச் செய்தவரை அழைத்து வரச் சொன்னாராம். அனுமதி கேளாமல் செய்ததற்கு வசவு கிடைக்கும் என்று நடுங்கிக்கொண்டே போனார் ராம்கிங்கர். ஆசிரமம் முழுவதையும் இத்தகைய உருவங்களால் நிரப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார் கவிஞர்.

மூன்றாண்டு கழித்து, 1938-இல், சந்தால் குடும்பம் பிறந்தது. இந்தியாவின் பொது இடத்தில் நின்ற முதல் நவீனச் சிற்பம் என்று கலை வரலாற்று ஆசிரியர் பலர் இதையே குறிப்பிடுகிறார்கள்.

இதில் தெய்வம் இல்லை, அரசன் இல்லை, துரை இல்லை, தலைவர் இல்லை. வேலை தேடி ஊர் பெயர்ந்து போகும் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன் தோளில் காவடித் தண்டு. அதன் ஒரு பக்கக் கூடையில் குழந்தை. மறுபக்கம் வீட்டுச் சாமான். பக்கத்தில் மனைவி, தலையில் சுமை, இடுப்பில் இன்னொரு குழந்தை. காலடியில் அவர்களோடு கூடவே நடக்கும் நாய். ஆள் அளவைவிடப் பெரிய உருவங்கள். ஆனால் பீடம் தாழ்வு. அண்ணாந்து கும்பிட வேண்டியதில்லை. நம்மோடு ஒரே தரையில் எதிரே நடந்து வருகிறார்கள். தலையில் மூட்டையோடும் கையில் குழந்தையோடும் பெங்களூர் கண்டோன்மெண்ட் நிலையத்தில் வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் நாம். இந்தச் சிலையின் படத்தைப் பார்க்கும்போது, அந்த நாய்கூட ஏதோ தெரிந்த நாய்போல இருக்கிறது.

செய்த முறையையும் சொல்ல வேண்டும். இரும்புக் கம்பியால் கூடு கட்டி, கலவையைக் கையால் அள்ளி அதன் மேல் எறிந்து எறிந்து ஏற்றினார். ஓரளவு இறுகியதும் வெட்டியும் சுரண்டியும் வடிவம் கண்டார். முதலில் களிமண்ணில் செய்து, அச்செடுத்து, அதில் வார்ப்பது வழக்கமான பாதுகாப்பான வழி. அவர் அதை விட்டுவிட்டு நேராகவே சிமெண்டில் இறங்கினார். இதன் துணிச்சல் சிமெண்டின் குணம் அறிந்தவருக்கே விளங்கும். களிமண் சிற்பிக்காகக் காத்திருக்கும். ஈரத்துணி போட்டு மூடிவிட்டு மறுவாரம் வந்து மூக்கைத் திருத்தலாம். சிமெண்டு காத்திராது. நீர் பட்ட உடனே அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீரோடு சேரத் தொடங்கிவிடுகின்றன. சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு அரை மணிக்கு முன்னால் இறுகத் தொடங்கலாகாது, 10 மணிக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. சிற்பிக்குக் கிடைக்கும் நேரம் இந்த இடைவெளிதான். அதற்குள் தோளை வளைக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும். ஆகவே நுணுக்கத்துக்கு இடமில்லை. பெரிய அசைவுகளை மட்டுமே பிடிக்க முடியும். தோலும் வழவழப்பாக வராது. சரளை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கரடுமுரட்டை அவர் மறைக்கவில்லை. வெயில் சாயும்போது ஒவ்வொரு சரளைக்கும் ஒரு நிழல் விழுகிறது. கூலி வேலை செய்து காய்த்துப்போன உடலுக்கு வேறு எந்தத் தோல் பொருந்தும்?

நம் கோபுரங்களின் சுதை வேலையும் இதற்குத் தூரத்து உறவுதான். அங்கேயும் செங்கற் கூட்டின் மேல் சாந்தை அப்பி உருவம் செய்கிறார்கள். ஆனால் நம் ஸ்தபதி கடைசியில் மெருகிட்டு வண்ணம் பூசிப் பொருளை மறைத்துவிடுவார். பொருளை மறைக்காமல் விட்டது ராம்கிங்கரின் புதுமை.

ஒன்றில் வெற்றி கண்டால் அதையே ஆயிரம் முறை செய்வோர் உண்டு. இவர் அப்படிப்பட்டவர் அல்லர். 1940-இல் விளக்குத் தண்டு என்று பெயரிட்டு, எந்த உருவத்தையும் நேராகக் காட்டாத ஒரு சிற்பத்தைச் செய்தார். இந்தியாவின் முதல் அரூபச் சிற்பங்களில் ஒன்று அது. கியூபிசம் என்னும் ஐரோப்பியப் போக்கைப் படங்களிலும் நூல்களிலும் பார்த்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். தாகூரின் தலையை இரு வேறு முறைகளில் செய்தார். 1941-ஐச் சேர்ந்தது, படங்களில் நாம் பார்த்துப் பழகிய தாடி முனிவர் உருவம் அன்று. குனிந்து, தளர்ந்து, எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்ட ஒரு கிழவரின் தலை. அது தாகூர் மறைந்த ஆண்டு. பக்தர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் வியப்பில்லை. எனக்குப் பிடித்த தாகூர் அதுவே.

1956-இல் வந்தது ஆலைச் சங்கு. அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது. நேரமாகிவிட்டதென்று இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். பின்னால் ஒரு சிறுவன். நனைந்த சேலை காற்றில் பறந்து ஓட்டத்திலேயே உலர்கிறது. பறக்கும் சேலையைச் சிமெண்டில் செய்வது சாதாரண வேலையா? மூன்று ஆண்டு கழித்து, 1959-இல், சென்னைக் கடற்கரையில் தேவிபிரசாத் ராய் சௌதுரியின் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. இருவரும் வங்காளிகள். இருவரும் உழைப்பாளியைச் சிலையாக்கியவர்கள். மெரினாவின் நால்வரும் பாறையை நெம்புகிறார்கள். தசை ஒவ்வொன்றும் வெண்கலத்தில் புடைத்து நிற்கிறது. அவர்கள் வீரர்கள். ராம்கிங்கரின் பெண்கள் ஒரு நாள் கூலி போய்விடக் கூடாதே என்று ஓடுகிறவர்கள். எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எது எனக்கு அருகில் இருக்கிறது என்றால் இரண்டாவது என்பேன்.

கல் வேலையும் ஒரு முறை அவரைத் தேடி வந்தது. புதுதில்லி ரிசர்வ் பாங்கு வாயிலுக்கு இயக்கன், இயக்கி என இரண்டு பெரிய உருவங்கள் வேண்டும் என்று 1950-களில் அவரிடம் ஒப்படைத்தார்கள். இயக்கன் தொழில் வளத்துக்கும் இயக்கி வேளாண்மை வளத்துக்கும் அடையாளம். நம் நெல்லைச் சீமையின் இசக்கியம்மனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள்தான். மதுரா அருங்காட்சியகத்தின் பார்க்கம் இயக்கனும், கல்கத்தா அருங்காட்சியகத்தின் பெஸ்நகர் இயக்கியும் அவருக்கு வழிகாட்டிகள். தக்க கல்லைத் தேடி அலைந்ததில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் தாமதம். 1967-இல்தான் வேலை முடிந்தது. ஆடையில்லாத பெண் உருவம் ஒரு பாங்கின் வாயிலிலா என்று நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியச் சிற்பிகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1970-இல் பத்மபூஷண் விருது வந்தது. மறு ஆண்டு ஓய்வு பெற்றார். ஆனால் வீட்டில் வறுமை விடவில்லை. கூரை ஒழுகியபோது தம் எண்ணெய் வண்ண ஓவியத் துணிகளையே மேலே கட்டி மழையைத் தடுத்தார். ரித்விக் கட்டக் 1975-இல் அவரைப் பற்றி எடுக்கத் தொடங்கிய படத்தில் இந்தச் செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கட்டக் அடுத்த ஆண்டே இறந்துபோக, அந்தப் படம் முடிவு பெறாமல் நின்றது. ராம்கிங்கர் 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் கல்கத்தா மருத்துவமனையில் மறைந்தார்.

சிமெண்டின் கதை அவரோடு முடியவில்லை. புதிய காங்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி. அந்தக் காரம் இருக்கும் வரை உள்ளே இருக்கும் இரும்பைத் துரு அண்டாது. நாள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு சிறிது சிறிதாக உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். மேலுள்ள காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கையால் எறிந்து ஏற்றிய கலவையில் நுண்துளைகளும் அதிகம், அவற்றில் நீர் தங்கும், பாசி பிடிக்கும். 2023-இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டது. அறிவிப்பு கம்பியைக் காப்பாற்றாது.

சந்தால் குடும்பத்துக்கு மேல் ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். திறந்த வானத்துக்கும் சாயும் வெயிலுக்கும் என்றே செய்த உருவங்களை நிழலில் நிறுத்திவிட்டார்களே என்று கலைஞர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. சரளையின் நிழல் விழ வேண்டுமானால் வெயில் வேண்டும். வெயில் வருகிற வழியில்தான் மழையும் வருகிறது. வேதியியல் படிப்பவன் ஆதலால் நான் கூரையின் கட்சி.